வால்டெமர் ஹாஃப்கின்

கொரோனா என்னும் கொள்ளைநோய் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியபோது மக்கள் முகக்கவசம் அணிந்து நடமாடினர். அடுத்த ஆண்டில் தடுப்பூசி வந்தது. கவசமும் ஊசியும் உடலைக் காப்பதற்கென்றே அமைந்தவை. ஆயினும் அவற்றைப் பற்றி எழுந்த வழக்குகள் பல. கடல் கடந்த நாடுகள் சிலவற்றில் முகக்கவசம் அணிதலும் அணியாமையும் கட்சிக் கொடியைப்போல் ஆகிவிட்டன. நம் நாட்டிலும் ஊசி நல்லதா தீயதா என்னும் ஆராய்ச்சி பெருநகரங்களில் மட்டுமன்றிப் புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களின் திண்ணைகள்வரை நடந்தது. அக்காலத்தில் அரசினர் எடுத்தாண்ட சட்டங்களுள் ஒன்று 1897 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம். அச்சட்டம் பிறந்த அன்றே இவ்வழக்கும் நம் நாட்டில் வலுப்பெற்றது எனலாம். அன்று அரசினர் ஒருபுறமும் மக்கள் மற்றொருபுறமுமாக மாறுபட்டு நிற்க, இருவர்க்கும் நடுவே ஊசியை ஏந்தி நின்றார் ஒருவர். அவரே வால்டெமர் ஹாஃப்கின்.

ஹாஃப்கின் 1860 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15 ஆம் நாள், கருங்கடற் கரையில் உள்ள ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டைச் சார்ந்த அந்நகரம் அன்று உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அப்பேரரசில் யூதர்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளைப்போல் நடத்தப்பட்டனர். இளமையிலேயே கல்வியில் வேட்கை மிக்க ஹாஃப்கின், ஒடெசாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, மெச்னிகாப் என்னும் பேராசிரியரிடம் உயிர்நூல் பயின்றார். நோய்க் கிருமிகளை எதிர்த்து உடல் எவ்வாறு போரிடுகிறது என்பதைக் கண்டறிந்து, பின்னர் 1908 இல் நோபல் பரிசு பெற்றவர் அம்மெச்னிகாப்.

1881 ஆம் ஆண்டில் உருசியப் பேரரசர் கொல்லப்பட்டார். அதனையொட்டி யூதர்கள்மீது பல ஊர்களிலும் கொடுந்தாக்குதல்கள் நிகழ்ந்தன. தம் மக்களைக் காக்க முற்பட்ட இளைஞர் கூட்டத்தில் ஹாஃப்கினும் இருந்தார், காயமுற்றார், சிறையும் புகுந்தார். ஆசிரியர் பரிந்து பேசியதனால் விடுதலை பெற்றார். பட்டம் பெற்றபின் ஆசிரியப் பதவி அவரை எதிர்நோக்கி இருந்தது. ஆனால் யூத சமயத்தை விட்டுக் கிறித்தவராக மாறினால்தான் அப்பதவி கிட்டும் என்றனர். ஹாஃப்கின் மாறவில்லை, பதவியும் கிட்டவில்லை. ஒடெசாவின் விலங்கியல் அருங்காட்சியகத்திற் சிறு பணியில் சில ஆண்டுகள் கழித்து, 1888 இல் தாய்நாட்டை நீங்கிச் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகர் சென்றார்.

அடுத்த ஆண்டு பாரிசு மாநகரிலுள்ள பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அவருடைய ஆசிரியர் மெச்னிகாப் அங்கே முன்னரே வந்து பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆயினும் அந்நிலையத்தில் அப்போது ஒழிவாக இருந்த இடம் நூலகத்திலேதான். விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஹாஃப்கின் அதனை இழிவென்று எண்ணினாரல்லர். நூலகப் பணி முடிந்த பொழுதுகளிலெல்லாம் ஆய்வுக்கூடத்திற் புகுந்து, வாந்திபேதிக் கிருமியை ஆராயத் தொடங்கினார்.

வாந்திபேதியாகிய காலராவின் கொடுமையை இக்காலத்து மாணவர் அறியார். காலையில் உழச் சென்றவன் மாலையிற் பிணமாவதும், ஒரு வீட்டுப் பிணத்தை எடுத்துச் சென்றோர் திரும்பி வருமுன் அடுத்த வீட்டில் அழுகுரல் எழுவதும் அந்நாளில் தமிழ்நாட்டு ஊர்கள் கண்ட காட்சிகள். அந்நோயின் பெயரைச் சொல்லி வைகின்ற வழக்கம் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தமையே அதற்குச் சான்று. ஹாஃப்கின் அக்கிருமிகளைச் சீமைப் பெருச்சாளிகளின் உடலில் மாற்றி மாற்றிச் செலுத்தி அவற்றின் ஆற்றலைப் பெருக்கினார். வேறு சிலவற்றின் ஆற்றலைக் குறைத்தார். முதலில் ஆற்றல் குறைந்ததையும், சில நாள் சென்றபின் ஆற்றல் மிக்கதையும் ஊசிவழி ஏற்றினால், உடல் நோயை எதிர்க்கும் வன்மையைப் பெறும் என்பது அவர் கண்ட முடிவு. விலங்குகளிடம் மெய்ப்பட்ட இம்முடிவு மனிதரிடமும் மெய்ப்படுமா? இதற்குப் பிறர் உடலைத் தேடிச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. 1892 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18 ஆம் நாள் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் கண்டது, சில நாளில் நீங்கியது. அதன் பின்னரே நண்பர் சிலர்க்கு ஏற்றினார்.

மருந்தைக் கண்டவர், அந்நோய் ஓயாது உலவும் நாட்டில் அதனைச் சோதித்தல் வேண்டும் என விரும்பினார். அவர் முதலிற் கருதியது சயாம் நாட்டை. அப்போது பாரிசில் ஆங்கிலத் தூதராக இருந்த டப்ரின் பிரபு, இந்தியாவின் இராசப் பிரதிநிதியாக முன்னர் இருந்தவர். அவர் இந்தியாவுக்குச் செல்லுமாறு கூறி வழி செய்தார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்து இறங்கினார்.

புதிய நாட்டில் அவரை வரவேற்றோர் சிலர், ஐயுற்றோர் பலர். ஆங்கில அதிகாரிகளுக்கு அவர் உருசிய நாட்டிலிருந்து வந்த அயலார். அக்காலத்தில் ஆங்கிலேயர்க்கும் உருசியர்க்கும் பகை இருந்தது. மருத்துவர்க்கோ, அவர் மருத்துவப் பட்டம் பெறாத உயிர்நூலார். மக்களுக்கோ, அவர் ஊசியோடு வந்த வெள்ளையர். மக்களின் அச்சத்தை அறியாமை என்று எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. நார்த்தாமலை மாரியம்மனை வேண்டி, அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, தூய்மை காத்து நோன்பிருந்த குடும்பத்தாரிடம், முன்பின் அறியாத ஒருவன் வந்து குழந்தையின் கையைக் கீறினால் அவர் அஞ்சாது வேறென் செய்வர்? கற்றறிந்த பெரியோரும் இத்துறையில் மாறுபட்ட கொள்கை கொண்டிருந்தனர். காந்தியடிகள் அம்மை குத்துதலை ஏற்றுக்கொண்டாரல்லர். 1955 ஆம் ஆண்டில், காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து இராசாசி எழுதியதும் பேசியதும் சென்னை மாநிலத்தார் அறிந்த செய்தி. அப்பெரியோர்தம் நாட்டுப்பற்றிலோ அறிவிலோ குறை காண்பார் இலர். ஆயினும் இப்பொருளில் அவர்கள் கொண்ட முடிவு பொருந்தியதன்று.

கல்கத்தாவில் 1894 மார்ச்சில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. காட்டல் பாகான் என்னும் குடிசைப் பகுதியில் ஒரு குளத்தைச் சூழ்ந்து வாழ்ந்த ஏழைகளிடையே வாந்திபேதி தோன்றியது. ஹாஃப்கினும் வங்காள மருத்துவர் சிலரும் அங்கே சென்றனர். கூட்டம் சினந்து அவர்கள்மீது கல் எறிந்தது. உடன் வந்த மருத்துவருள் ஒருவர் தம் மேலாடையை நீக்கி, எல்லாரும் காண ஊசி போட்டுக்கொண்டார். கல் எறிந்த கைகள் தாழ்ந்தன. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் அன்று ஊசி போட்டுக்கொண்டனர். அதன் பின்னர் அவ்விடத்தில் 10 பேருக்கு நோய் கண்டது. 7 பேர் மாண்டனர். அப்பதின்மரும் ஊசி போட்டுக்கொள்ளாதவரே.

வட இந்தியாவில் ஊர்தோறும் அலைந்து, ஏறத்தாழ 42,000 பேருக்கு ஹாஃப்கின் ஊசி போட்டார். வரவேண்டும் என்று எவரையும் வற்புறுத்தியதில்லை. விரும்பி வந்தார்க்கே போட்டார். மலைக்காய்ச்சல் அவரைப் பற்றியது. உடல் நலிந்து இங்கிலாந்து சென்றவர், 1896 இல் மீண்டும் வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாயில் பிளேக்கு தோன்றியது.

பிளேக்கு எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிகளால் மனிதரை அடையும் நோய். இவ்வுண்மை அப்போது எவருக்கும் தெரியாது. 1898 இல் சைமண்டு என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் இதனைக் கண்டு சொன்னபோதும் நம்பியோர் சிலரே. பல்லாண்டுகள் கழிந்த பின்னரே உலகம் ஏற்றது. ஆகவே 1896 இல் அரசினர் நோயின் வேரை அறியாமலே அதன்மேற் படையெடுத்தனர். சாக்கடைகளை அலம்பினர், வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர், கூரைகளைப் பிரித்தனர். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. ஐயத்திற்கு இடமானவரை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகவும், பயணிகளை நிறுத்திச் சோதிக்கவும், உடைமைகளை அழிக்கவும் அதிகாரிகள் வரம்பில்லா உரிமை பெற்றனர். சென்னை மாகாணத்திலும், நோயுள்ள ஊரிலிருந்து வருவோர் பிளேக்குச் சீட்டுப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் அதிகாரியிடம் தம்மைக் காட்டிக்கொள்ளும் கட்டாயம் ஏற்பட்டது. தமிழ் மக்கள் இந்நோய்க்கு அஞ்சிய அச்சம் எத்தகையது என்பதைக் கோயம்புத்தூரிலுள்ள பிளேக்கு மாரியம்மன் கோயில்கள் இன்றும் காட்டும்.

பூனா நகரில் நிலைமை முற்றியது. அங்கே பிளேக்கு அதிகாரியாக அமர்ந்த ராண்டு என்பவர், வீடு வீடாகச் சோதனையிட வெள்ளைப் படைவீரரை ஏவினார். அவர்கள் அடுக்களையிலும் பூசையறையிலும் புகுந்தனர். பெண்டிரின் மானத்தையும் மதித்தாரல்லர். திலகர் தம் இதழில் இதனை வன்மையாகக் கண்டித்தார். நோயாளிகளுக்கென அவரே ஒரு மருத்துவமனையும் அமைத்தார் என்பதனை மறத்தலாகாது. அந்நகரிலேதான், நோயுற்ற ஏழைகளுக்குத் தொண்டாற்றிய சாவித்திரிபாய் புலே, அந்நோயே பற்றி 1897 மார்ச்சு 10 ஆம் நாள் உயிர் நீத்தார். சூன் 22 ஆம் நாள் இரவு, சாபேகர் உடன்பிறந்தார் ராண்டைச் சுட்டனர். அவர் பின்னர் இறந்தார். சாபேகர் சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். திலகர் அரசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 18 திங்கள் சிறைத்தண்டனை பெற்றார்.

இத்தகைய காலத்தில் ஹாஃப்கின் செய்த பணி யாது? பம்பாய் கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையும் தாழ்வாரமும் அவர்க்கு ஒதுக்கப்பட்டன. எழுத்தர் ஒருவர், ஏவலாளர் மூவர். இவ்வளவே துணை. இரவும் பகலும் ஓயாது உழைத்து, மூன்று திங்களில் பிளேக்குக்குத் தடுப்பு மருந்தைச் சமைத்துவிட்டார். கிருமிகளை வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். மாட்டிறைச்சி இந்துக்களுக்கும் பன்றியிறைச்சி முசுலிம்களுக்கும் ஆகாது என்பதை எண்ணி, ஆட்டிறைச்சிச் சாற்றைக் கொண்டார். அச்சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளிகளின் அடியிலிருந்து கிருமிகள் ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தன. குடத்தை ஆட்டினால் விழுதுகள் உதிரும். மீண்டும் புதியன வளரும். பின்னர் அவற்றைச் சூடேற்றிக் கொன்று, கெடாமல் இருத்தற்குக் கார்பாலிக் அமிலம் சிறிது சேர்ப்பர். அமிலத்தைப் பற்றிய இச்செய்தியை மாணவர் நினைவிற் கொள்க. பின்னர் இதனால் ஒரு பெருவழக்கு விளைந்தது.

1897 சனவரி 10 ஆம் நாள், இம்மருந்தையும் அவர் முதலில் தம் உடலிலேயே, பிறர்க்குரிய அளவினும் மிகுதியாக ஏற்றிக்கொண்டார். அத்திங்களின் இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக்கு புகுந்தது. கைதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். போட்டுக்கொள்ளாதவருள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். போட்டுக்கொண்டவருள் நோய் கண்டவர் இருவரே, அவ்விருவரும் பிழைத்தனர். கோசா முசுலிம்களின் சமயத் தலைவரான ஆகாகான் எல்லாரும் காண ஊசி போட்டுக்கொண்டு, தம் மாளிகை ஒன்றையும் ஆய்வுக்கென அளித்தார். அவரைக் கண்டு அம்மரபினர் ஆயிரக்கணக்கில் வந்தனர். 1898 இல் ஊப்ளி நகரத்து மக்களிற் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டனர். ஆய்வுக்கூடம் 1899 ஆகஸ்டில் பரேலிலுள்ள பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது.

எனினும் ஊசியையும் படைவீரனையும் மக்கள் வேறு பிரித்துக் காணவில்லை. வீட்டிற் புகுந்து அச்சுறுத்திய அரசே ஊசியையும் கொண்டு வந்தது. நோயாளியைப் பிடித்துச் சென்ற வண்டியும் மருந்துப் பெட்டி வந்த வண்டியும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றே. ஊசியால் ஆண்மை அழியும், சாதி கெடும் என்றெல்லாம் வதந்திகள் பரவின. அரசினரோ, கட்டாயப்படுத்தினால் காரியம் முடியும் என்று எண்ணினர். கட்டாயம் வளர வளர ஐயமும் வளர்ந்தது. பம்பாயில் மக்கள் கலகம் செய்தனர், மருத்துவமனையும் தாக்கப்பட்டது.

1902 ஆம் ஆண்டில் பஞ்சாப் அரசினர் பெருந்திரளான மக்களுக்கு ஊசி போட முனைந்தனர். பல இலட்சம் பேருக்கு மருந்து வேண்டும், விரைவிலும் வேண்டும். ஹாஃப்கின் செய்முறையைச் சுருக்கினார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு, சூட்டினால் தூய்மை செய்யும் முறையை மேற்கொண்டார். பாரிசில் பாஸ்டர் நிலையத்தார் கையாண்ட முறையே அது. அக்டோபர் 30 ஆம் நாள், முல்கோவால் என்னும் பஞ்சாப் சிற்றூரில் 107 பேருக்கு ஐந்து புட்டிகளிலிருந்து மருந்து ஏற்றப்பட்டது. நான்கு புட்டிகளின் மருந்தைப் பெற்றோர் நலமாயிருந்தனர். ஒரு புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேருக்கு இரணஜன்னி கண்டது. பத்தொன்பதின்மரும் மாண்டனர்.

நாடெங்கும் திகில் பரவியது. பம்பாய்த் தலைமை நீதிபதியைத் தலைவராகக் கொண்ட குழு ஒன்று விசாரணை நடத்தியது. புட்டியைத் திறப்பதற்கு முன்பே, அஃதாவது ஆய்வுக்கூடத்திலேயே, நச்சுக்கிருமி புகுந்திருத்தல் வேண்டும் என்பது குழுவின் முடிவு. அமிலத்தை விடுத்தது பெரும்பிழை எனப்பட்டது. ஹாஃப்கின் பதவியிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார், ஊதியமும் நின்றது. தாம் குற்றமற்றவர் என்று அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளைக் கேட்பார் இல்லை. 1904 இல் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்றார்.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. அப்புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது; அதனை உரியவாறு தூய்மை செய்யாமல் அதனாலேயே தக்கையை எடுத்தனர். இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. மேலும், அக்கிருமி பல நாள் முன்பே புட்டியிற் புகுந்து வளர்ந்திருக்குமாயின், திறந்தவுடன் தீநாற்றம் வீசியிருத்தல் வேண்டும். திறந்த மருத்துவர் அத்தகைய நாற்றம் எதனையும் உணரவில்லை. விசாரணையின் ஏடுகளிலேயே கிடந்த இச்செய்திகளை எடை போட்டுப் பார்ப்பதற்கு ஐந்தாண்டு ஆயிற்று. மலைக்காய்ச்சல் கொசுவினாற் பரவுவதைச் செகந்தராபாத்தில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராசு, இவ்வழக்கைத் தம் வழக்காக மேற்கொண்டார். 1907 சூலையில் அவரும் கிருமிநூல் வல்லுநர் ஒன்பதின்மரும் இலண்டன் டைம்ஸ் இதழில் முறையீடு ஒன்றை வெளியிட்டனர். ஆங்கில நாடாளுமன்றத்திலும் வினாக்கள் எழுந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என அரசினர் ஒப்புக்கொண்டனர். அதே 1907 ஆம் ஆண்டில் இந்தியாவிற் பிளேக்கினால் மாண்டோர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டனர். முல்கோவாலுக்குப் பின்னர் ஊசியைக் கண்டு ஓடியவர் அவருள் எத்துணை பேரோ!

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். பரேலில் அவர் அமைத்த நிலையத்தில் அவருக்கு இடம் இல்லை. தலைமைப் பதவியில் வேறொருவர் இருந்தார். கல்கத்தாவில் ஒரு பணி தந்தனர். அங்கும் மக்களிடையே புதிய மருந்துகளைச் சோதிக்க ஒப்புதல் கிட்டவில்லை. 1914 இல் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர், எஞ்சிய நாட்களைச் சமய நூல்களைக் கற்பதிற் கழித்தார். தம் செல்வத்தை யூதச் சிறுவர்களின் கல்விக்கு எழுதி வைத்தார்.

1925 ஆம் ஆண்டில் பரேல் ஆய்வுக்கூடம் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1897 முதல் அவ்வாண்டுவரை பம்பாயிலிருந்து பல இடங்களுக்கும் அனுப்பப்பட்ட பிளேக்குத் தடுப்பு மருந்து 2 கோடியே 60 இலட்சம் பேருக்குப் போடத்தக்க அளவினது. ஐரோப்பாவில் தனித்து வாழ்ந்த அவருக்கு அப்பெயர் மாற்றச் செய்தி எட்டியது. 1930 அக்டோபர் 26 ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், தம் 70 ஆம் வயதில் அவர் காலமானார்.